காற்றாடிக்குப் பக்கத்தில் இருட்டு: ஒக்கி நாட்களின் குமரியும் சிறு தீவு நாடுகளின் மின்சாரமும்

ஒக்கி என்றதும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் கடல்தான் நினைவுக்கு வரும். 2017 நவம்பர் 29 இரவிலிருந்து 30 பகல்வரை அந்தப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒட்டிப் போனது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பவே இல்லை. அந்த இழப்புக்கு முன்னால் கரண்ட் போனதைப் பற்றிப் பேசுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அந்த நாட்களில் இரண்டும் தனித்தனியாக இருக்கவில்லை. கரையில் காத்திருந்த குடும்பங்களின் செல்போனில் சார்ஜ் இல்லை. டவர்கள் டீசல் தீர்ந்து நின்றன. மோட்டார் ஓடாததால் குடிதண்ணீரும் இல்லை. மகன் எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கியிருக்கிறான் என்று விசாரிக்கக்கூட வழி இல்லாமல் போனது.

இந்த ஆய்வு அந்த வாரத்து மின்சாரத்தைப் பற்றியது. இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று இந்த மாவட்டத்தின் எல்லையில் நிற்கிறது. மலையில் நீர்மின் நிலையம் இருக்கிறது. அடுத்த மாவட்டத்தில், கூப்பிடு தூரத்தில், கூடங்குளம் அணுமின் நிலையம். இத்தனையும் இருந்தும் பல ஊர்கள் ஒரு வாரத்துக்கு மேல் ஏன் இருட்டில் கிடந்தன? இதற்குப் பதில் தேடும்போது மாலத்தீவு, இலங்கை, மொரீஷியஸ் போன்ற வெப்பமண்டலச் சிறு நாடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவுகிறது. அந்த நாடுகள் வருடம் முழுக்க இருக்கும் நிலையில்தான் குமரி அந்தச் சில நாட்கள் இருந்தது.

கம்பம் விழுந்த விதம்

புயல் நேராகக் கரையேறவில்லை. அப்படியிருந்தும் சேதம் பெரிது. வங்கக் கடல் புயல்கள் பெரும்பாலும் வடக்கு நோக்கிப் போய்விடும். கடலூர், நாகப்பட்டினத்துக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் புயலை எதிர்பார்த்தே இருப்பார்கள். குமரியில் அந்தப் பழக்கம் மனிதர்களுக்கும் இல்லை, மரங்களுக்கும் இல்லை. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் ரப்பர் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது. வாழை மொத்தமாகப் போனது. வீட்டுக்கு வீடு நிற்கிற பலாவும் அயினியும் தென்னையும் விழுந்தன. விழுந்த மரங்கள் கம்பிகளையும் கூட்டிக்கொண்டு போயின. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன.

இங்கே ஊரின் அமைப்பையும் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் ஊர் ஒரே இடத்தில் கூடியிருக்கும். கம்பி திறந்த வயல்வெளியைக் கடந்து ஊருக்குள் நுழையும். மேற்குக் குமரியில் வீடுகள் விளை விளையாக, அதாவது தோட்டம் தோட்டமாக, சிதறிக் கிடக்கும். ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்படும் கம்பி ஒருவருடைய வாழைத்தோட்டம், இன்னொருவருடைய ரப்பர் விளை, மூன்றாமவருடைய பலாமரம் எல்லாவற்றையும் தாண்டித்தான் கடைசி வீட்டுக்குப் போகும். ஒரு மரம் விழுந்தால் கம்பி அறுவதோடு முடிவதில்லை. இழுத்த இழுப்பில் பக்கத்துக் கம்பங்களும் முறியும்.

சீரமைப்புக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் 110 கிலோவோல்ட் பெரிய லைன்கள், அப்புறம் துணைமின் நிலையங்கள், அடுத்தது அங்கிருந்து ஊர்களுக்குப் போகும் 11 கிலோவோல்ட் லைன்களான ஃபீடர்கள். ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் நிலையங்களுக்கும் போகும் ஃபீடர்களுக்கு முன்னுரிமை. அதற்கும் பிறகுதான் டிரான்ஸ்பார்மர்கள், தெரு லைன்கள், வீட்டு இணைப்புகள். விளைக்குள் இருக்கும் வீடு இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. மற்ற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் சேறும் சரிவுமான தோட்டங்களுக்குள் கம்பங்களைத் தோளில் சுமந்து போனார்கள். லாரி போக முடியாத இடத்தில் வேறு வழி கிடையாது. அடுத்த வருடம் 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது இதே வேலை பல மடங்கு பெரிதாக நடந்தது.

ஆக, ஒக்கி நாட்களில் தமிழ்நாட்டில் மின்சாரத்துக்குப் பஞ்சம் இல்லை. அது வீட்டுக்கு வர வழிதான் இல்லை.

காற்றாடி ஏன் உதவவில்லை

அந்த வாரத்தில் பலரும் கேட்ட கேள்வி இது: "முப்பந்தலில் இத்தனை காற்றாடி நிற்கிறதே, அதிலிருந்து நமக்கு ஒரு லைன் போட்டால் ஆகாதா?" நியாயமான கேள்விதான். பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றி நம்மிடம் இருக்கும் பெரிய தவறான எண்ணம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலை தாழ்ந்து வழிவிடும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அது நெருக்கிக்கொண்டு வேகம் எடுக்கிறது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டி வடகிழக்கே பார்த்தால் பணகுடி, ராதாபுரம் வரை காற்றாடிகள்தான். தொகுப்பில் பெரும்பகுதி நெல்லை மாவட்டத்து எல்லைக்குள் வருகிறது. மொத்தத் திறன் சுமார் 1,500 மெகாவாட் என்பார்கள். 1980களின் பிற்பகுதியில் தொடங்கி, 1990களில் வருமான வரிச் சலுகைகள் கிடைத்தபோது வேகமாக வளர்ந்தது. கோயம்புத்தூர், திருப்பூர் மில் முதலாளிகள் சொந்த உபயோகத்துக்காக இங்கே வந்து காற்றாடி நட்டார்கள்.

காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. ஒக்கி வந்தது நவம்பர் கடைசியில். அப்போது கணவாயில் பருவக்காற்று இல்லை. புயல் காற்று இருக்கிறதே என்றால், அது காற்றாடிக்கு ஆகாது. நொடிக்கு சுமார் 25 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் காற்றாடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

இவை இரண்டையும்விட முக்கியமான காரணம் இயந்திரத்துக்குள் இருக்கிறது. பழைய காற்றாடிகளில் பெரும்பாலும் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். உள்ளே சுழலும் காந்தப்புலம் உருவாக வேண்டுமானால் வெளியிலிருந்து, அதாவது மாநில மின்கட்டமைப்பிலிருந்து, அதற்கு மின்சாரம் வர வேண்டும். கம்பியில் மின்னழுத்தம் இல்லாவிட்டால் இறக்கை எவ்வளவு சுற்றினாலும் ஒரு யூனிட்கூட வராது. புதிய வகைக் காற்றாடிகளில் மின்னணுக் கருவிகள் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றிலும் பெரும்பாலானவை கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 முறை, துடிப்பதைப் பார்த்து அதைப் பின்பற்றும் விதமாகவே செய்யப்பட்டவை. இருட்டில் கிடக்கும் ஊரைத் தாங்களாக எழுப்பும் வேலை அவற்றுக்குத் தெரியாது.

கோதையாறு வேறு விதம். மேலே 60 மெகாவாட், கீழே 40 மெகாவாட் என்று இரண்டு மின்நிலையங்கள். அங்கே சுழன்று வெளியேறும் தண்ணீர்தான் பேச்சிப்பாறை அணைக்கு வந்து பாசனத்துக்குப் போகிறது. நீர்மின் நிலையத்தைச் சிறிய துணை மின்சாரத்தை வைத்தே தனியாகத் தொடங்க முடியும் என்பது பொதுவான உண்மை. ஆனால் அதைக்கொண்டு குமரியை மட்டும் தனித்தீவாக நடத்த வேண்டுமானால் அதற்கேற்ற சுவிட்ச் ஏற்பாடும், தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் கட்டுப்பாடும், எல்லாவற்றுக்கும் மேலாக அறுபடாத கம்பியும் வேண்டும். ஒக்கி அறுத்தது அந்தக் கம்பியைத்தான்.

வீட்டுக் கூரை சோலாருக்கும் இதே கதைதான். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் நம் பக்கத்திலும் பலர் பலகை வைத்திருக்கிறார்கள். மின்தடையின்போது இனிக் கவலை இல்லை என்று நினைத்து வைத்தவர்களும் உண்டு. பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பில், தெருவில் கரண்ட் போன அடுத்த நொடி, பலகையின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பம் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் கூரையிலிருந்து ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சரியான ஏற்பாடுதான். ஆனால் பலகை விற்பவர்கள் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

பெரிய கட்டமைப்பு என்ற துணை

சாதாரண நாட்களில் குமரிக்கு இந்தச் சிக்கல் எதுவும் தெரிவதில்லை. காரணம், நமக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டமைப்பு நிற்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னிந்தியா மற்ற மாநிலங்களோடு ஒரே கட்டமைப்பாக இணைந்தது. அதற்கு முந்தைய வருடங்களின் தமிழ்நாட்டை மறக்க முடியாது. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. ஆனி, ஆடியில் காற்றடித்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். காற்று ஓய்ந்தால் மறுபடியும் வெட்டு. வடக்கே உபரி இருந்தாலும் இங்கே கொண்டுவரப் போதுமான லைன் இல்லை. அந்த நாட்களில் தமிழ்நாடே பாதித் தீவாகத்தான் இருந்தது.

சீசனில் உண்டான காற்று மின்சாரத்தை மில்காரர்கள் மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இந்தப் பெரிய கட்டமைப்பு இருப்பதால்தான் நடக்கிறது. பழைய காற்றாடிகளுக்கு ஏப்ரலிலிருந்து மார்ச் வரை அந்த வசதி கிடைத்தது. ஜூலையில் அடித்த காற்றின் யூனிட்டை ஜனவரியில் எடுக்கிறார்கள். இடையில் அந்த மின்சாரம் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஜூலையில் அது யாரோ ஒருவர் வீட்டில் செலவாகிவிட்டது. ஜனவரியில் மில் இயந்திரத்தைச் சுற்றுவது பெரும்பாலும் நிலக்கரி. பின்னால் இவ்வளவு பெரிய அனல், நீர், அணு மின்சாரம் இருந்தால்தான் இப்படி ஒரு கணக்கு செல்லும். கடலுக்கு நடுவில் தனியாக இருக்கும் நாட்டால் இதைச் செய்ய முடியாது.

சுசீந்திரம் மார்கழித் தேரை நூற்றுக்கணக்கானவர்கள் இழுக்கும்போது ஒருவர் வடத்தை விட்டால் தேருக்குத் தெரியாது. நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் தோளை எடுத்தால் பல்லக்கு சாயும். 2024 மே 30 அன்று இந்தியாவின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் அலகு ஒன்று திடீரென்று நின்றால் அதில் நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. இலங்கையின் மொத்த உச்சத் தேவை 3,000 மெகாவாட்டுக்கும் கீழே. அங்குள்ள நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் 300 மெகாவாட் அலகு ஒன்று நின்றால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதுவும் உச்சத் தேவை நேரத்தில். தேவை குறைந்த ஞாயிற்றுக்கிழமைப் பகலில் என்றால் அடி இன்னும் பெரிது.

இலங்கை: ஒரு ஞாயிற்றுக்கிழமை

2025 பிப்ரவரி 9 அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு. முற்பகல் 11 மணி தாண்டியதும் பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கால் பழுது உண்டானது. நாடு முழுவதும் இருண்டது. சிரிப்பதற்கு ஏற்ற செய்தியாக உலகம் முழுக்க அது போனது. குரங்கு மட்டுமே காரணம் என்று நிறுத்திக்கொண்டால் விஷயம் விளங்காது. துணைமின் நிலையத்தில் குரங்கு ஏறுவது இந்தியாவிலும் நடக்கிறது. அதற்காக நாடு இருண்டுபோவதில்லை.

அன்றைக்குத் தேவை குறைவு, வெயில் நன்றாக இருந்தது. இலங்கையில் கூரை சோலார் 1,000 மெகாவாட்டைத் தாண்டி வளர்ந்திருந்த காலம் அது. பகல் தேவையில் பெரும்பங்கை அதுவே தந்துகொண்டிருந்தது. சுழலும் கனமான இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. அந்தக் கனத்துக்கு ஒரு பயன் உண்டு. எங்காவது பழுது வந்து ஹெர்ட்ஸ் இறங்கத் தொடங்கும்போது, சுழன்றுகொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான டன் இரும்பு சட்டென்று நிற்காது. சில நொடிகளுக்குத் தாங்கிப் பிடிக்கும். அதற்குள் மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்டிக்கொள்ளும். சோலார் பலகையில் சுழல்வது எதுவும் இல்லை. எனவே ஹெர்ட்ஸ் வேகமாகச் சரிந்தது, ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாக நிலையங்கள் கழன்றுகொண்டன. நுரைச்சோலையின் அனல் நிலையம் நின்றால் உடனே மறுபடி தொடங்க முடியாது. அதனால் அடுத்த சில நாட்களுக்கும் மின்வெட்டு வந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகலில் கூரை சோலாரை அணைத்துவையுங்கள் என்று இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. கடன் வாங்கிப் பலகை வைத்த குடும்பத்துக்கு அது எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்! மூன்று வருடம் முன்பு, 2022 மார்ச் கடைசியில், எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்த நாடு அது. அந்த அனுபவத்துக்குப் பிறகு யார்தான் சோலாரை நாடாமல் இருப்பார்கள்? மின்சாரம் போதாத நாடு, சில வருடங்களிலேயே பகலில் வேண்டாம் என்று சொல்லும் நாடாக ஆனது. நடுவில் செய்திருக்க வேண்டிய பேட்டரி வேலை பின்தங்கிவிட்டது.

என் பார்வையில் சிறு நாடுகளின் ஆற்றல் மாற்றத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். சூரியனும் காற்றும் அங்கே தாராளம், பலகை விலையும் இறங்கிவிட்டது. ஹெர்ட்ஸைத் தாங்கிப் பிடிக்கவும், மாலை 6 மணிக்கு மேல் கொடுக்கவும், பழுதானால் மறுபடி எழுப்பவும் எது இருக்கிறது என்பதில்தான் சிக்கல் நிற்கிறது.

மாலத்தீவு: தண்ணீரும் கரண்டும் ஒன்று

குமரி மாவட்டத்தில் மாலத்தீவுக்கு ஆசிரியராகவோ நர்ஸாகவோ கட்டட வேலைக்கோ ஆள் போகாத ஊர் அபூர்வம். அங்கே ஒரு சிறிய தீவில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துத் திரும்பிய என் பெரியப்பா மகனிடம் ஒக்கிக்குப் பிறகு இதைப் பற்றிப் பேசினேன். "லேய் மக்கா, இங்க கரண்ட் போனா மெழுகுவத்தி. அங்க கரண்ட் போனா குடிக்க தண்ணியும் போச்சு, பாத்துக்கோ," என்றார் அண்ணன்.

அவர் சொன்னதற்குப் பெரிய உதாரணம் 2014 டிசம்பர் 4. மாலே நகரின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்சாதனங்களில் தீப்பிடித்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடிதண்ணீர் நின்றுபோனது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது.

அந்த நாட்டில் மனிதர்கள் வாழும் தீவுகள் 180-க்கும் மேல். பெரும்பாலும் ஒவ்வொரு தீவுக்கும் தனி டீசல் மின்நிலையம். ஒரு தீவில் ஜெனரேட்டர் கெட்டால் பக்கத்துத் தீவிலிருந்து கம்பி இழுக்க முடியாது. டீசல் வெளிநாட்டிலிருந்து வந்து, படகுகளில் தீவு தீவாகப் பிரிந்து போகிறது. ஒரு லிட்டருக்குச் சுமாராக மூன்று, மூன்றரை யூனிட் வரும். நம் ஊர் டீசல் விலையில் கணக்குப் போட்டாலே எண்ணெய்க்கு மட்டும் யூனிட்டுக்கு 25 ரூபாய்க்கு மேல் வருகிறது. அரசு மானியம் கொடுக்காவிட்டால் மக்கள் தாங்க மாட்டார்கள். மானியம் கொடுத்தால் அரசின் டாலர் கரைகிறது.

டீசலை நிறுத்திவிட்டு சோலாருக்குப் போகலாமே என்றால், அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. டீசல் ஜெனரேட்டரை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே நீண்ட நேரம் ஓட்டக்கூடாது. எண்ணெய் முழுதாக எரியாமல் கரி படிந்து எஞ்சின் கெடும். பகலில் சோலார் அதிகமானால் ஜெனரேட்டர் அந்த அளவுக்கும் கீழே இறங்கும். அதை அணைத்துவிட்டால், ஒரு மேகம் வந்து நிற்கும் அந்த அரை நிமிடத்தில் தீவு முழுக்க இருட்டு. ஆகவே பேட்டரி இல்லாமல் ஒரு அளவுக்கு மேல் சோலார் சேர்க்க முடியாது. ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு 2014-லிருந்து அங்கே நடந்துவரும் திட்டம் சோலார், பேட்டரி, டீசல் மூன்றையும் ஒரே கட்டுப்பாட்டில் சேர்ப்பதாக இருப்பது இதனால்தான்.

பணத்தின் பக்கமும் கவனிக்கத்தக்கது. மாலே பகுதியில் 2014-ல் வந்த முதல் தனியார் சோலார் ஒப்பந்தத்தில் யூனிட் 21 அமெரிக்க சென்ட். 2020-ல் 10.9 சென்ட், 2022-ல் 9.8 சென்ட். பலகை விலை இறங்கியது ஒரு காரணம். மின்நிறுவனம் பணம் தராவிட்டால் நாங்கள் பொறுப்பு என்று உலக வங்கி உத்தரவாதம் கொடுத்தது இன்னொரு காரணம். வெயில் அதேதான். பணம் வருமா என்ற பயம் குறைந்ததும் விலை பாதியாகிவிட்டது. காற்றாலைக்காரர்களுக்கு மின்வாரியம் தர வேண்டிய பணம் நிலுவையாகச் சேர்ந்த கதை தெரிந்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மற்ற சில உதாரணங்கள்

மொரீஷியஸில் கரும்பு ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து நாட்டுக்கே தருகின்றன. நம் முன்னோர்கள் கூலிகளாகப் போய் வளர்த்த கரும்பு அது. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. கரும்பு வெட்டு நடப்பது வருடத்தின் இரண்டாம் பாதியில். மீதி மாதங்களில் அதே கொதிகலனில் நிலக்கரி போடுகிறார்கள். முப்பந்தலின் காற்றுக்கு இருப்பது போன்ற சீசன் சிக்கல்தான். சீஷெல்ஸ் 2013-ல் விக்டோரியா துறைமுகத்தருகே 8 காற்றாடிகள் நட்டது. மொத்தம் 6 மெகாவாட். நம் கணவாயில் அது கண்ணில் படாத அளவு, அந்த நாட்டுக்கோ ஒரு தேசியத் திட்டம். பசிபிக்கில் 1,500 பேர் வாழும் டோக்கெலாவ் நியூசிலாந்தின் உதவியால் 2012-ல் மூன்று பவளத்தீவுகளையும் சோலாருக்கும் பேட்டரிக்கும் மாற்றியது. அங்கேயும் டீசல் ஜெனரேட்டரைத் தூக்கிப் போடவில்லை, துணையாக வைத்துக்கொண்டார்கள். கோஸ்டாரிகா பெரும்பாலும் அணைத் தண்ணீரில் ஓடும் நாடு. 2024 மே மாதத்தில் வறட்சியால் மின்வெட்டு அறிவிக்கும் நிலைக்கு வந்து, மழை பெய்ததால் தப்பியது.

குமரிக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசலில் ஓடியவை. அங்கே 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்று, 2,400 யூனிட் பேட்டரி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல் என்ற திட்டத்துக்கு இந்தியா 11 மில்லியன் டாலர் மானியம் கொடுத்து, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலில் இது ஒரு சீன நிறுவனத்துக்குப் போவதாக இருந்தது. இந்தியாவின் ஆட்சேபத்துக்குப் பிறகு மாறியது. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். எண்களைப் பாருங்கள்: சோலாரும் காற்றும் சேர்ந்த அளவைவிட டீசலின் அளவு கூடுதல். மோசமான நாளில் தீவு முழுவதையும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். குமரிக்கு இப்படிப்பட்ட மோசமான நாள் கணக்கு இதுவரை யாரும் போட்டதாகத் தெரியவில்லை. இந்திய அரசின் பணத்தில் நெடுந்தீவுக்குப் போட்ட கணக்கை ஏன் இரணியல், குளச்சல், தூத்தூர் பக்கத்துக்கும் போடக்கூடாது?

குமரியில் என்ன செய்யலாம்

முழு மாவட்டத்தையும் பேட்டரியில் ஓட்டுவது நடக்காது, தேவையும் இல்லை. ஒக்கி வாரத்தில் உண்மையாகவே உயிரைத் தொட்டவை நாலைந்துதான்: குடிதண்ணீர் மோட்டார், ஆரம்ப சுகாதார நிலையம், செல்போன் டவர், கடற்கரை ஊர்களின் வயர்லெஸ், மீன்பிடித் துறைமுகத்து ஐஸ்.

ஒரு ஊராட்சியின் 10 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 7.5 கிலோவாட். நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் 30 யூனிட். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பலகை நல்ல வெயிலில் 4 யூனிட் தரும். 10 கிலோவாட் வைத்தால் சாதாரண நாளில் 40 யூனிட், போதும். ஆனால் புயலுக்குப் பின் மூடிக்கிடக்கும் வானத்தில் அதில் கால் பங்கு வருவதே பெரிது. எனவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, பேட்டரியை முழுதாக ஏற்றி வைக்க வேண்டும். 60 யூனிட் பேட்டரி இருந்தால் மோட்டாரை இரண்டு நாள் ஓட்டலாம். மேகம் வரும்போது தண்ணீர் நேரத்தைப் பாதியாக்கினால் நாலைந்து நாள் சமாளிக்கலாம். அதற்கு மேல் ஒரு சிறிய டீசல் ஜெனரேட்டர் துணைக்கு இருக்கட்டும். டீசலை அறவே ஒதுக்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வருடத்தில் 360 நாள் ஓடாமல் நிற்கும் ஜெனரேட்டரால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் ஒன்றும் பெரிதில்லை. ஓட வேண்டிய அந்த சில நாளில் அது ஓட வேண்டும், அவ்வளவுதான்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியது, கட்டமைப்பு இல்லாமலே தானாக 50 ஹெர்ட்ஸை உண்டாக்கி ஓடும் வகையாக அது இருக்க வேண்டும், தெரு லைனிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொள்ளும் சுவிட்சும் வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன கூரை சோலாரின் கதிதான். அப்புறம், மோட்டார் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதற்கு மெல்லத் தொடங்கும் கருவி இல்லாமல் வாங்கிய அமைப்பு, தேவைப்படும் அன்றைக்குக் கைவிட்டுவிடும். டெண்டரில் இந்த மூன்று வரிகள் இருக்கிறதா என்று ஊராட்சித் தலைவர்களே பார்க்கலாம்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களின் ஐஸுக்கு வேறு வழி இருக்கிறது. ஐஸ் ஆலை பகலில் சோலார் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைக் கட்டியாக உறைய வைத்துவிட்டால் இரவுக்குப் பேட்டரி வேண்டாம், ஐஸே சேமிப்பு. நல்ல நாட்களிலும் அது மின்கட்டணத்தைக் குறைக்கும். முதலீடு திரும்பி வருவதற்கான கணக்கு இங்கேதான் எளிதாக ஒத்துவரும்.

கடலில் காற்றாலை பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூனில் ஒன்றிய அரசு 7,453 கோடி ரூபாய் ஒதுக்கி, தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட் என்று திட்டம் அறிவித்திருக்கிறது. மன்னார் வளைகுடாக் காற்று நல்ல காற்றுதான். ஆனால் மீன்பிடிப் பாதையும் வலை இழுக்கும் இடமும் போய்விடுமோ என்று குமரி மீனவர்கள் கேட்கிறார்கள். ஒக்கியில் கடலுக்குப் போனவர்களை இழந்து, அந்த வாரம் முழுக்க இருட்டிலும் இருந்த ஊர்களிடம், உங்கள் கடலில் மின்சாரம் எடுத்து உயர் அழுத்த லைனில் மேலே அனுப்பப் போகிறோம் என்று மட்டும் சொன்னால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்? திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அந்த ஊர்களின் தண்ணீர் மோட்டாருக்கும் ஐஸ் ஆலைக்கும் பேட்டரி என்று எழுதப்பட வேண்டும்.

பராமரிப்புதான் கடினமான பகுதி. பேட்டரி செத்துப்போன சோலார் தெருவிளக்கு இல்லாத ஊராட்சி நம் மாவட்டத்தில் இருக்காது. வாங்குவதற்கு மானியம் வரும், பத்து வருடம் கழித்துப் பேட்டரி மாற்ற யாரும் பணம் ஒதுக்குவதில்லை. தீவு நாடுகளிலும் உதவி நிறுவனம் போன பிறகு அமைப்பு படுத்துவிடுவது இதே காரணத்தால்தான். ஒவ்வொரு அமைப்புக்கும் மாற்று நிதியை முதல் நாளிலேயே தனிக் கணக்கில் போட வேண்டும். நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ.யில் படித்து முடிக்கும் பிள்ளைகளில் ஊராட்சிக்கு ஒருவரை இதற்கென்று சம்பளத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை தெரு லைனைத் துண்டித்துவிட்டு, மோட்டார் தனியாக ஓடுகிறதா என்று பார்ப்பது அவருடைய வேலையாக இருக்க வேண்டும்.

தொடங்கும் இடமாக நான் சொல்வது பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தின் அக்கரை. படகில் போக வேண்டிய காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் அங்கே இருக்கின்றன. காட்டுக்குள் கம்பி இழுப்பது கடினம், இழுத்தாலும் முதல் காற்றிலேயே மரம் விழும். தீவு என்று சொல்லத்தக்க இடம் மாவட்டத்தில் அதுதான். வீடுகளும் குறைவு, அதனால் செலவும் குறைவு. மோசமான நாளுக்கான கணக்கை முதலில் அங்கே போட்டு, இரண்டு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கோடு தூத்தூருக்கும் வள்ளவிளைக்கும் போகலாம்.